எட்டத்து மலை, கிட்டத்து முகம்

ஒரு பழைய லென்ஸ் இருந்தது. அது வேறெந்த நாட்டுக் கேமராவுக்காகவோ செய்யப்பட்டது. ஆனாலும் மரை ஒன்றுபோல இருந்ததால், போட்டோக்காரர் தணிகைவேலின் கேமராவில் சிக்கலில்லாமல் திருகி உட்கார்ந்துகொண்டது.

"உன் தூர அளவும் என் தூர அளவும் ஒன்றுதானா? கிட்டத்தில் எடுத்தால் முன்னே பின்னே ஆகுமாமே?" என்று கேமரா கேட்டது.

லென்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நேற்று அந்த மலையை எடுத்தோமே, மங்கலாகவா விழுந்தது? நான் எதிலும் பொருந்துவேன்!"

கிட்டத்தில் தனக்குத் தடுமாற்றம் உண்டென்று அதற்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

மறுநாள் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். தணிகைவேல் லென்ஸைத் திருக, கேமராவின் கண்ணாடிக்குள் தெரிந்த இரண்டு பிம்பங்களும் ஒன்றாகச் சேர்ந்தன; சேர்ந்தால் முகம் தெளிவாக விழும் என்று கணக்கு. கேமரா அதை நம்பியது. தணிகைவேல் பொத்தானை அழுத்தினார்.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், மணப்பெண்ணின் முகம் புகை மாதிரி இருந்தது. பின்வரிசையில் கொட்டாவி விட்ட மாமாவின் கடைவாய்ப் பல் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

"இந்தக் கேமரா இனி உதவாது" என்றார் தணிகைவேல். லென்ஸ் மூச்சு விடவில்லை.

பரணுக்குப் போகும்போது கேமரா சொன்னது: "பிம்பம் சேர்ந்துவிட்டதென்று காட்டியது நான்தானே. உன்மேல் பழி வராது, பயப்படாதே."

லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்டினார்கள்.

"அந்தப் பழைய கேமராவுக்கு என்ன கோளாறு?" என்று அது கேட்டது.

யாராவது வந்து தன் முகத்தில் மூடியைப் போட்டு அழுத்தினால் தேவலை என்றிருந்தது லென்ஸுக்கு.