தனபாக்கியத்தின் சம்மதம்

ஏகாம்பரம் ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது குடியாத்தத்தில் ஒரு வங்கிக்குக் காவலர். உரிமம் பெற்ற சொந்தத் துப்பாக்கியோடு வேலைக்குப் போவார். ஆறு வருடத்துக்கு முன் வந்த சட்டப்படி, தினமும் காலையில் வீட்டிலுள்ள ஒருவர் கட்டைவிரல் வைத்துச் சம்மதித்தால்தான் அதன் பூட்டு திறக்கும். அன்றிலிருந்து அவர் மனைவி தனபாக்கியம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து விரல் வைப்பாள்.

அன்று அவள் வைக்கவில்லை.

"இன்னாம்மா, நேரமாவுது."

"இன்னிக்கு வேணாங்க. ஒரு வாரமா நீங்க சரியா துன்னல. நேத்து துப்பாக்கியத் தொடச்சிக்கினே அழுதீங்க. பாத்தேன்."

"எல்லையில என்னை நம்பித் துப்பாக்கி குடுத்தாங்க. நீ நம்ப மாட்டியா?" என்று அவர் கத்தினார்.

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அதைக் கண்டதும் அவர் சீருடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லைப் பனியில எங்கூட இருந்த வரதன், போன வாரம் தன்னையே சுட்டுக்கினான், பாக்கியம். அன்னிக்கும் அவன் பொண்டாட்டி பழக்கத்துல மொகத்தப் பாக்காமயே விரல் வச்சிருக்கா. இப்பத் தலையில அடிச்சிக்கினு அழுவறா."

தனபாக்கியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கும் அப்பிடித் தோணுச்சா?"

அவர் அவள் தோளில் தலை சாய்த்தார்.

"நாளைக்கும் வேணாம்னு சொல்லு, பாக்கியம்."