திட்டுத் திட்டாய்

“கை நடுங்கிடுச்சுங்க” என்றாள் அவள்.

கணவன் புல்தரையின் ஓரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றான். வெளிறிய பச்சைக்கு நடுவே மூன்று இடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாகக் கொழுத்து, சுழித்தும் நெளிந்தும் ஓங்கி நின்றது.

“உரம் தூவச் சொன்னா கோணல்மாணலா கொட்டி வச்சிருக்கே. படிச்சுப் படிச்சு சொன்னேனே! நீளவாக்குல பாதி, குறுக்குவாக்குல பாதி, சீரா விழணும்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“அப்புறம் இது என்ன?”

பேசினாலும் அடி, பேசாவிட்டாலும் அடி என்பது அந்த வீட்டு வழக்கம்.

அந்தப் புல்தரை அவனுக்கு உயிர். ஈரப் புல்லில் உரம் போட மாட்டான், இலை கருகிவிடுமாம். போட்ட கையோடு அரை மணி நேரம் தண்ணீர் தெளிப்பான், இல்லாவிட்டால் வேர் வெந்துவிடுமாம். இந்த அக்கறையில் கால்வாசியைக் கட்டியவளிடம் காட்டியிருந்தால் அவள் ஒரு சுற்றுப் பெருத்திருப்பாள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு இடுப்புப் பிடித்துக்கொண்டதால்தான் உரக் கிண்ணம் அவள் கைக்கு வந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்தபடி அதிகாரம் செய்தான். நடுவில் ஆபீஸிலிருந்து போன் வர, சட்டைப் பையிலிருந்த கேட் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வருவதற்குள் அவள் மீதியையும் தூவி முடித்திருந்தாள். புல்லுக்குள் விழுந்த வெள்ளைக் குருணை யார் கண்ணுக்குத் தெரியும்?

“கல்யாணத்துக்கு முன்னாடி தையல் கடை வச்சிருந்தவதானே நீ? ஊசியில நூல் கோக்கறப்போ நடுங்காத கை, உரம் தூவறப்போ மட்டும் நடுங்குதாக்கும்?”

“பயத்துல...”

“பயமா? இனிமேதான் இருக்கு உனக்கு.”

சொன்னால் செய்கிறவன்தான். போன மாதம் கேட் கம்பி வழியாக எதிர்வீட்டு டீச்சரோடு இரண்டு வார்த்தை பேசியதற்குத்தான் அவளுடைய போன் பறிபோனது. இடது மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை. மறுநாளே கேட்டையும் மதிலையும் தகரம் அடித்து உயர்த்திவிட்டான்.

இப்போது தகரத்துக்கு மேலே தெரிவது அந்த டீச்சர் வீட்டு மாடி மட்டும்தான். சாயங்காலமானால் டீச்சர் அங்கே நாற்காலி போட்டு, சிவப்புப் பேனாவும் கையுமாக நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பாள். இன்று நாற்காலி காலியாக இருந்தது.

“அங்க என்ன பார்வை?”

“ஒண்ணுமில்லீங்க.”

அவன் மறுபடி புல்லைக் குனிந்து பார்த்தான். “கிட்டேர்ந்து பாத்தா ஒரு எழவும் புரியல. மொட்டை மாடிக்கு ஏறி ஒரு போட்டோ எடுக்கறேன். தங்கச்சியோட வேலைப்பாட்டை உங்க அண்ணனும் பாக்கட்டும்.”

அவன் ஏணியை எடுத்து வருவதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“வேணாங்க! மறுபடி இடுப்புப் பிடிச்சுக்கும். நான் வேணா கத்தரிய வச்சு எல்லாத்தையும் ஒட்ட வெட்டி விட்டுடறேன். இப்பவே வெட்டிடறேன்.”

“தொட்டே, தொலைச்சுடுவேன்!”

ஏணியைச் சுவரில் சாய்த்தான். முதல் படியில் கால் வைத்தான். இரண்டு. மூன்று. அவன் மேலே போய் நின்று திரும்பிப் பார்த்துவிட்டால் தன்னை உயிரோடு விட மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்தாவது படியில் கேட் தடதடத்தது.

“யாருய்யா அது?”

“போலீஸ். கதவைத் திறங்க.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய்ப் பூட்டைத் திறந்தான். வாசலில் இரண்டு பெண் போலீஸார் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் எதிர்வீட்டு டீச்சர்.

“உங்க மனைவிகிட்ட கொஞ்சம் பேசணும் சார்.”

“எதுக்கு? எவன் புகார் குடுத்தான்?” அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “இவ வீட்டை விட்டு வெளியவே போனதில்லை. இவகிட்ட ஒரு போன்கூடக் கிடையாது. இவ எப்படி உங்ககிட்ட வந்து சொல்லியிருக்க முடியும்?”

“அதையும் எழுதிக்கறோம் சார்” என்றார் ஒரு போலீஸ்காரம்மா.

யாரும் மிதிக்கக் கூடாத அந்தப் புல்லின் மேல் டீச்சர் செருப்புக் காலோடு நடந்து வந்தாள். விறைத்துப்போய் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“‘உதவி’ன்னு நீ எழுதினதுல ஒரு பிழைகூட இல்லம்மா.”