அருவிக்கு அஞ்சாதவன்

குற்றாலத்தில் அது ஐம்பத்தெட்டாம் வருஷச் சாரல். அருவிக்குப் பயந்து, ஓரமாக உட்கார்ந்து செம்பில் மொண்டு குளிக்கிறவன் நான்.

"பச்சப்புள்ள கூட அருவியில நிக்கி. நீங்க இப்படிப் பயந்து சாவுதியளே!" என்றாள் மனைவி குழல்வாய்மொழி.

ரோஷம் வந்துவிட்டது. 'நான் தைரியசாலி' என்று சொல்லிக்கொண்டே, கண்ணை மூடி அருவிக்குள் நின்றேன். சொல்லச் சொல்லப் பயம் போயே போய்விட்டது. கண்ணைத் திறந்தால், என்னை இடித்துத் தள்ளிய கூட்டம் முழுவதும் கரையில் நின்று கையாட்டியது. நானும் மந்திரி மாதிரிக் கையாட்டினேன்.

குழல்வாய்மொழி ஆண்கள் பக்கத்துக்கே ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். ஊரே பார்க்கிறதே என்று எனக்கு வெட்கம் வேறு.

"ஏட்டி, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கேன்."

"ஐயோ, வெளிய வாங்க! மலையில வெள்ளம்!"

அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் செம்மண் நிறத் தண்ணீர், ஒரு மரத்தை வேரோடு உருட்டிக்கொண்டு வந்தது.

அவள் என் கையை விடவில்லை.