டின்னின் அடியில் ஒரு வரி

"இன்னும் எத்தனை பேர்ப்பா பாக்கி? சீக்கிரம் வரச் சொல்லு."

அதிகாரிக்குக் குரலே கம்மிவிட்டது. உணவு லேபிள் விதிகள் மாறப்போகின்றன, ஆட்சேபம் இருப்பவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று அறிவித்ததுதான் தாமதம், கம்பெனிக்காரர்கள் படையெடுத்து வந்து காலையிலிருந்து அவர் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தார்கள். விளைந்த நாட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றார் ஒருவர். பருப்பு எங்கே விளைந்தால் என்ன, உப்புப் போட்டு வறுத்தது நான்தானே, அப்போது அது நம் நாட்டுச் சரக்குதானே என்று மேஜையைத் தட்டினார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டி இவருக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

கடைசியாக வந்தவர் ஒரு தையல்காரர். கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். பையிலிருந்து ஒரு மீன் டின்னை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"உங்களுக்கு என்னங்க ஆட்சேபம்?"

"இதுல அடியில 'பேக் செய்தவர் எண்'னு ஒரு வரி வருதுங்க சார். புது விதியில அதை எடுக்கப் போறதா பேப்பர்ல போட்டிருந்தாங்க. எடுத்துடாதீங்க."

"நாட்டுப் பேரைப் பெரிசா போட இடம் வேணாமா? சாமான் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா போதாதா?"

"எனக்குப் போதாதுங்க."

"ஏன், மீன் கெட்டுப்போயிருந்துதா? வயித்துக்கு ஏதாவது பண்ணிச்சா?"

"நான் சாப்பிடறதில்லைங்க. மீன் வாடையே எனக்கு ஆகாது."

பேசி முடித்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கு எரிச்சல் தலைக்கேறியது. போட்டிக் கம்பெனி எவனோ கிளப்பிவிட்ட ஆள் என்று தோன்றியது.

"திங்காத மீனுக்கா இவ்வளவு பாடு? யாரு உங்களை அனுப்பினது?"

"யாரும் அனுப்பலைங்க. கடையைப் பூட்டிட்டு நானேதான் வந்தேன்."

அதிகாரி சலிப்போடு டின்னைத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, நானும் மனுஷன்தான், என்னால முடியலை. இதை பேக் பண்ணினது நாற்பத்தொண்ணாம் நம்பரா இருந்தா உங்களுக்கென்ன, ஐம்பதாம் நம்பரா இருந்தா உங்களுக்கென்ன?"

தையல்காரர் டின்னை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"நாற்பத்தொண்ணு என் பொண்ணுங்க சார். வெளிநாட்டுல இந்த மீன் ஃபேக்டரியில அவகூட வேலை பாத்துட்டுத் திரும்பி வந்த பொண்ணு சொல்லித்தான் நம்பர் தெரியும். என் முகத்துலயே முழிக்காதேன்னு நான்தான் அவளைத் துரத்தினேன், இப்ப நான் கூப்பிட்டா போனை எடுக்கறதில்லை. புதுச் சரக்கு இறங்கறப்பல்லாம் கடைக்குப் போய்த் தேடுவேன். அந்த நம்பர் இருந்துட்டா, புள்ள உசுரோட நல்லா இருக்கான்னு அன்னிக்குத் தூங்குவேன்."