கடைசியாகக் குடியிருந்த வீடு

வெண்டல் ஒரு நொடிகூட யோசிக்காமல் அந்த முகவரியை எழுதினான்.

பக்கத்தில் நின்ற அவன் இரண்டாம் மனைவி நடீனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

வால்நட் தெரு, பதினேழாம் எண். அது லொரெட்டாவின் வீடு. வெண்டலின் முதல் மனைவி லொரெட்டா இன்றைக்கும் நெப்ராஸ்காவில் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

ஜெர்மனியில் இருக்கும் அமெரிக்கப் படைமுகாமின் கடைக்கூடத்தில், பர்கர் கடைக்கும் சலூனுக்கும் நடுவே மேசை போட்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்தபடி ஊர்த் தேர்தலில் ஓட்டுப் போட விரும்புகிறவர்களுக்கு உதவ, சார்ஜென்ட் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். முகாமில் லாரி மெக்கானிக்காக இருக்கும் வெண்டல், தேர்தலுக்குத் தேர்தல் ஊருக்கு விண்ணப்பம் அனுப்பித் தபாலில் ஓட்டுச்சீட்டை வரவழைத்துவிடுவான்.

முன்பெல்லாம் அந்த விண்ணப்பம் பக்கம் பக்கமாக நீளும். பொடி எழுத்து. சாட்சிக் கையெழுத்து வேறு. அவன் எதை எங்கே எழுதுகிறான் என்று நடீன் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் விளங்கியிருக்காது.

இந்த முறை எல்லாவற்றையும் சுருக்கி ஒரே அட்டையாக்கிவிட்டார்கள். பெயர், பிறந்த தேதி, அமெரிக்காவில் கடைசியாகக் குடியிருந்த வீடு, கையெழுத்து. எழுத்தும் நல்ல பெரிசு.

சுலபமாக்கியவர்கள் நன்றாக இருக்கட்டும். நடீனின் நிம்மதிதான் போயிற்று.

“அவ வீட்டு அட்ரஸ் எதுக்கு இதுல?”

“கடைசியா அங்கதானே இருந்தேன். சட்டம் அப்படி.”

“சட்டமா, இல்ல ஆசையா?”

அவன் சிரித்தான். பர்கர் பொட்டலத்திலிருந்து ஒரு உருளைக்கிழங்கு வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மெல்லச் சீட்டியடித்தான்.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். ஆனால் கனத்தை மடியில் வைத்துக்கொண்டே சீட்டியடிக்கிற ஆள் அவன். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே வந்த புதிதில், லொரெட்டா அவனுக்கு வாங்கிக் கொடுத்த சட்டைகளையெல்லாம் நடீன் தூக்கி எறிந்தாள். லொரெட்டா பின்னிய கம்பளித் தொப்பி குப்பைக்குப் போயிற்று. காபிக் கோப்பை தானாகக் கைதவறி உடைந்தது. ஒன்று பாக்கியில்லாமல் துடைத்துவிட்டோம் என்று இருந்தாளே, அந்த வீட்டை மட்டும் அரசாங்கமே அவனுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறதே!

போதாக்குறைக்கு, லொரெட்டா இந்த முறை ஊர்ப் பள்ளிக் குழுத் தேர்தலில் நிற்கிறாள். வாசல் புல்வெளியில் அவள் பெயர் போட்ட பலகை நிற்கும். நடீனால் அந்த வீட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம். மாடிப்படியில் நாலாவது படியை மிதித்தால் கிறீச்சிடும். அதுவரைக்கும் அவளுக்குத் தெரியும்.

“அவளுக்குத்தான் போடப் போறியா?”

“ரகசிய ஓட்டு நடீன். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாது.”

“எந்தப் பொண்டாட்டிகிட்ட?”

வரிசையில் பின்னால் நின்ற சிப்பாய் ஒருவன் இருமிச் சிரிப்பை மறைத்தான். நடீன் அட்டையின்மேல் கையை வைத்தாள். “அத அடிச்சிடு. உன் தம்பி வீட்டு அட்ரஸ் போடு. பக்கத்து ஊர்தானே அவன்.”

சார்ஜென்ட் பெனிட்டா நிமிர்ந்தாள். “அப்படி மாத்தக் கூடாது மேடம். இருந்த வீட்டத்தான் போடணும். பொய்யான அட்ரஸ் குடுத்துக் கையெழுத்து வச்சா அவரு மாட்டிக்குவாரு. ஓட்டும் போயிடும். அந்த வீட்டையே இடிச்சிருந்தாலும் அதே அட்ரஸ்தான்.”

“இடிச்சாக்கூடவா?”

“இடிச்சாக்கூட.”

நடீனின் கடைசி நம்பிக்கையும் இடிந்தது. வெண்டல் கையெழுத்துப் போட்டான். அவன் எழுத்து இவ்வளவு அழகாக இருந்து அவள் பார்த்ததேயில்லை. கல்யாணப் பதிவேட்டில்கூட அவன் கிறுக்கித்தான் வைத்தான்.

அவன் ஓட்டு லொரெட்டாவுக்குத்தான் போகும். போகட்டும். அதை அடிக்க இன்னொரு ஓட்டு இல்லாமலா போய்விட்டது?

“எனக்கும் ஒரு அட்டை குடுங்க,” என்றாள் நடீன். இங்கே வந்ததிலிருந்து அவள் ஓட்டே போட்டதில்லை. “இவரு ஒருத்தருக்குப் போட்டா, அந்த ஆளுக்கு எதிரா நான் போடணும்.”

“அதுக்கு நீங்களும் அதே ஊரா இருக்கணுமே மேடம்.”

“அதே ஊர்தான்.”

பேனாவை வாங்கினாள். பெயரை எழுதினாள். பிறந்த தேதியை எழுதினாள். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

வெண்டலின் சீட்டியும் நின்றது.

“என்ன மேடம், மறந்துபோச்சா? இங்க வர்றதுக்கு முன்னாடி கடைசியா எங்க இருந்தீங்க?”

நடீன் வெண்டலைப் பார்த்தாள். அவன் வறுவல் பொட்டலத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். பின்னால் சிப்பாய்கள் கால் மாற்றி நின்றார்கள். அட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடலாம். போனால் லொரெட்டாவுக்கு ஒரு ஓட்டு மிச்சம்.

அவள் குனிந்து எழுதினாள். வால்நட் தெரு, பதினேழாம் எண். அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் பொடியாக, மாடி வாடகை அறை.

சார்ஜென்ட் இரண்டு அட்டைகளையும் சேர்த்துப் பார்த்தாள். “அட, ரெண்டு பேரும் ஒரே வீடா! இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

நடீன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

லொரெட்டா தூங்கிய பிறகு, நாலாவது படியை மட்டும் மிதிக்காமல் கீழே இறங்க அவள் பழகிய வீடு அது.