இருந்த ஆள்

எங்கள் ஓவியக் குழுவில் வாரம் ஒருவர் போட்டோ அனுப்புவார். அதைப் பார்த்து எல்லோரும் வரைந்து, ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் மாட்டுவோம். போன வாரம் என் முறை. என் வீட்டுக்காரி பிலோமியை உப்பளத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தேன்.

இப்போது வரும் கேமராக்களை நான் நம்புவதில்லை. காட்சி அழகாக இருக்க வேண்டுமென்று கம்பி, குப்பை, ஆள் எல்லாவற்றையும் தானாகவே துடைத்துவிடும். பிலோமியையும் துடைத்துவிட்டது. கவனிக்காமல் அதையே குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

"குப்பையோட சேத்து என்னையும் அள்ளிட்டுதா?" என்றாள். அப்புறம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் படங்களில் வெறும் உப்பும் வானமும் இருந்தன. எல்லாம் என் படத்தைவிட நல்ல படங்கள்தான். ஆனால் என் படத்தில்தான் பிலோமி பச்சைச் சேலையில், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"போட்டோவுல இல்லாத ஆளை எதுக்கு அண்ணாச்சி வரைஞ்சிய?" என்றாள் குழுவை நடத்தும் பொன்செல்வி.

"இருந்த ஆளைத்தாம்மா வரைஞ்சேன். எடுத்தவன் நான்தானே."

கூட வந்திருந்த பிலோமி கிட்டே போய்ப் பார்த்தாள்.

"எம் மூக்கு இம்புட்டுப் பெருசா?"

ஆனாலும் எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை அவள் அந்தப் படத்தின் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

இந்த வாரம் பொன்செல்வி முறை. ஆளில்லாத கடற்கரை போட்டோ வந்தது. கீழே எழுதியிருந்தாள்:

"வலது ஓரத்துல எங்க அப்பா உக்காந்திருந்தாவ. வெள்ளைச் சட்டை, வழுக்கைத் தலை. எல்லாரும் போடுங்க. அண்ணாச்சி, மூக்கை மட்டும் பாத்துப் போடுங்க."