எதிர்வீட்டு ஃபேன்

நின்றிருந்த ஃபேன் சுற்றத் தொடங்கியதும் செல்வாம்பாள் சட்டென்று மேலே பார்த்தாள். கம்பத்து உச்சியில் அவள் புருஷன், லைன்மேன் கன்னியப்பன், வெறுங்கையைக் கம்பியை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.

முதலியார்பேட்டைக்குள் புதுசாக மனை போட்ட தெரு அது. சாப்பாட்டுத் தூக்கோடு அப்போதுதான் வந்து நின்றிருந்தாள். அதுவரை மூடியிருந்த மேகம் விலகி, 2007 வைகாசி வெயில் சுள்ளென்று விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னலுக்குள் ஃபேன் வேகம் பிடித்தது.

கம்பத்தில் ஆள் இருந்தால் அந்த லைனில் ஒரு வீட்டிலும் கரண்டு இருக்கக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ தெரியாமல் டிரான்ஸ்பார்மரில் பீஸ் கட்டையை மாட்டிக் கரண்டு விட்டதில், கூட வேலை பார்த்த பக்கிரி கருகித்தான் கீழே வந்தார். அன்றிலிருந்து இவள் எங்கே போனாலும் முதலில் வீடுகளைத்தான் பார்ப்பாள், அப்புறம்தான் புருஷனை.

கத்தினால் திடுக்கிட்டுக் கையை வைத்துவிடுவான். கத்தாவிட்டாலும் வைத்துவிடுவான். பாவம், என்ன செய்வாள்? தூக்கு தானாகவே கைநழுவி விழுந்தது.

சத்தம் கேட்டு அவன் குனிந்தான்.

"மாமா, கம்பிய தொடாத."

"இன்னாடி?"

"கரண்டு வந்துடுச்சு. வூட்டுல ஃபேன் சுத்துது."

எந்த வீடு என்றுகூட அவன் கேட்கவில்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டான். "டேய் பலராமா, கட்டைய போட்டுட்டியா?"

டிரான்ஸ்பார்மர் அடியில் காவல் நின்ற பலராமன் கையைத் தூக்கிக் காட்டினான். "மூணு கட்டையும் எங்கிட்டதான் இருக்குண்ணே."

செல்வாம்பாள் மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்; ஃபேன் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. கட்டையே இல்லாமல் எந்த வழியாக வருகிறது கரண்டு? இப்போது எதைத் தொட்டால் என்ன ஆகும்? ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஃபேன நிறுத்தும்மா. எம்புருஷன் கம்பத்துல இருக்காரு."

ஈரக்கையோடு வந்து திறந்த அந்த வீட்டுப் பூர்ணிமா, இவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். பிறகு, சீட்டுக் கூரை மேல் பளபளத்த கறுப்புத் தட்டைக் காட்டினாள்.

"அது சோலாரு அக்கா, வெயில்ல ஓடுது. எங்க வூட்டுக்குக் கரண்டு குடுக்கத்தான அண்ணனே கம்பத்துல ஏறியிருக்காரு?"